பச்சைத் தண்ணீரில் ஏலக்காய்

தண்ணீரைச் சோதிப்பது என் தொழில். குழாய் வழியாக வீடுகளுக்குப் போகும் தண்ணீர் குடிக்கத் தகுந்ததா என்று பார்க்கும் ஓர் ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருக்கிறேன். கலங்கல், நிறம், மணம், நைத்திரேற்று, பொசுபேற்று என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு. எல்லைக்குள் இருந்தால் கையெழுத்து வைப்பேன், தாண்டினால் வைக்கமாட்டேன். இந்த ஒழுங்கு எனக்குப் பிடிக்கும். ஆனால் சென்ற வருடம் மாதக் கணக்கில் என் சொந்த வளவுக்குள், முருங்கை மரத்துக்குக் கீழே, பச்சை மிளகாயை அரைத்துக் கரைத்துவிட்டது போல ஒரு தண்ணீர் கிடந்தது. அதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"ஊருக்கெல்லாம் தண்ணி சோதிக்கிற புள்ளட வளவுக்க வந்து பாருங்க கா," என்று பக்கத்து வீட்டுச் சாச்சி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து யாருக்கோ சொல்வார். "எங்கட கோழி இதக் குடிச்சா முட்டையும் பச்சையாத்தான் வரும்."

குளம் என்றால் எங்கள் பக்கத்தில் வயலுக்குப் பாய்ச்சும் பெரிய குளங்களைத்தான் சொல்வார்கள். இது ஒரு கட்டிலை விடக் கொஞ்சம் பெரிய சீமெந்துத் தொட்டி. முழங்காலுக்கு மேலே தண்ணீர் வராது. ஆனால் என் உம்மா அதை முதல் நாளே "மாப்பிள்ளைட குளம்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெயரே நின்றுவிட்டது.

மாப்பிள்ளை என்பது என் கணவர். கல்முனைப் பக்கத்து ஊர்களில் வீடு பெண்ணுக்கு உரியது. வாப்பா இந்த வீட்டைக் கட்டி என் பெயருக்கு எழுதிவிட்டுத்தான் மௌத்தானார். கலியாணம் முடிந்ததும் ஆண்தான் பெட்டியோடு வந்து சேரவேண்டும். என் கணவரும் அப்படித்தான் சம்மாந்துறையில் இருந்து ஒரு பயணப் பெட்டியும் இரண்டு அட்டைப் பெட்டி நிறையப் புத்தகங்களும் ஒரு மோட்டார் சைக்கிளுமாக வந்தார். அவர் வந்தபோது இந்த வீட்டில் எல்லாமே ஏற்கனவே இருந்தது. கதிரைகள் இருந்தன, அவற்றில் யார் எங்கே இருப்பது என்பதும் இருந்தது. குளிர்சாதனப் பெட்டியைத் திறக்க முன் அவர் என்னைப் பார்ப்பார். மின்விசிறியின் வேகத்தைக் கூட்ட முன் பார்ப்பார். விஞ்ஞானம் படிப்பிக்கும் பாடசாலையில் இருந்து வந்தாலும் நீளக் காற்சட்டையைக் கழற்றாமல், விருந்துக்கு வந்தவர் போல முன் விறாந்தையில் இருப்பார். அவருக்கு யாரும் எந்தக் குறையும் வைக்கவில்லை. அதுதான் பிரச்சினை. குறை வைக்காத வீட்டில் விருந்தாளியாக மட்டுந்தான் இருக்கலாம்.

பாடசாலை விடுமுறை ஒன்றில் அவர் திடீரென்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்வெட்டியை எடுத்து, குசினிக்குப் பின்னால் கிண்டத் தொடங்கினார். எங்கள் கடற்கரை மண்ணில் தண்ணீர் நிற்காது என்று சொன்னேன். "வாய்க்கால் தண்ணிக்குள்ள வளந்தவன் நான், நீ எனக்குச் சொல்லாத புள்ள," என்றார். தானே சீமெந்து குழைத்தார், தானே பூசினார். அல்லி நட்டார், தங்கமீன்களும் நுளம்புப் புழுவைத் தின்னக் கப்பி மீன்களும் விட்டார். வேலை செய்யும்போது வாய்க்குள் ஏதோ பாடினார். இந்த வீட்டுக்கு வந்து அவர் சத்தமாகச் சிரித்ததையும் என் தங்கச்சியோடு பகிடி கதைத்ததையும் நான் முதலில் கேட்டது அந்தக் குழியின் ஓரத்தில்தான். இந்த வளவுக்குள் அவர் யாரிடமும் கேட்காமல் கைவைக்கக்கூடிய ஒரே இடம் அது. ஆகவே அந்தக் குளம் எனக்கு முக்கியம். மீனுக்காக அல்ல.

உம்மாவுக்கும் அவருக்கும் நடுவில் நேர்க் கதை இருக்கவில்லை. மாமியார்மார் மருமகனோடு முகம் பார்த்துக் கதைக்காத பழக்கம் உம்மாவின் காலத்து ஆட்களிடம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. இருவரும் ஒரே அறையில் இருந்தாலும் நான்தான் தபால்.

"மாப்பிள்ளைக்குத் தேத்தண்ணி வேணுமா எண்டு கேளு மகள்."

"வேணாம் எண்டு சொல்லு."

"சீனி கூடிப் போச்சா எண்டு கேளு."

இரண்டு பேரும் சொன்னது இரண்டு பேருக்கும் கேட்டிருக்கும். ஆனாலும் நான் நடுவில் நின்று தலையைத் திருப்பித் திருப்பிச் சொல்லவேண்டும்.

வாயால் கதைக்காத உம்மா, சோற்றால் கதைத்தார். பகல் சாப்பாட்டை அவரே போட்டு, மூடி, என்னிடமோ தங்கச்சியிடமோ தந்து அனுப்புவார். நெய்ச்சோறு என்றால் மேலே கஜு, பிளம்ஸ் என்று நாங்கள் சொல்லும் உலர்திராட்சை, பொரித்த வெங்காயம். கீழே ஒளித்துவைத்தது போல ஓர் அவித்த முட்டை. கோழிக்கால் ஒன்று போதாது, இரண்டு. பீங்கான் பாதி காலியாகும் நேரம் பார்த்து, திரைக்குப் பின்னால் இருந்து இன்னொரு கரண்டி வரும். மாப்பிள்ளை கொஞ்சமாகச் சாப்பிட்டால் அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்பது எங்கள் ஊரின் கணக்கு. அவர் சாப்பிட்ட பீங்கான் வழித்தது போல வெறுமையாக வருவதை உம்மா தன் வெற்றியாக எடுத்துக்கொண்டார்.

அதைவிடப் பெரிய பெருமை ஒன்றும் இருந்தது. சாப்பிட்ட பீங்கானை அவர் மேசையில் விடமாட்டார். தானே எடுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கத்துப் பைப்பில் கழுவி, துடைத்து, குசினி வாசலில் வைப்பார்.

"தின்ட பீங்கானத் தானே கழுவுற மாப்பிள்ள இந்த ஊர்ல எத்தன பேருக்குக் கிடைச்சிரிக்கி?" என்று உம்மா சாச்சியிடம் மதிலுக்கு மேலால் கேட்பார். சாச்சியின் மாப்பிள்ளை கதிரையில் இருந்தபடியே கை கழுவ வாளி கேட்பவர். அதனால் சாச்சி கோழியை விரட்டப் போய்விடுவார். கோழி முட்டைக் கதை அந்தக் கடுப்பில் வந்ததாகவும் இருக்கலாம்.

கோடைக் கச்சான் காற்று வீசத் தொடங்கிய காலத்தில் தண்ணீர் முதலில் மங்கலானது. பிறகு இளம் பச்சை. பிறகு மீனே தெரியவில்லை. சீமெந்துச் சுவரில் வழவழப்பு, அல்லித் தண்டுகளில் தலைமயிர் போல இழைப்பாசி.

பாசி வளர மூன்று தேவை: வெயில், அசையாத தண்ணீர், போசணை. மூன்றையும் வெட்டினால் பாசி சாகும். இது நம்பிக்கை அல்ல, இரசாயனம். ஆகவே ஒவ்வொன்றாக வெட்டினேன். மேலே நிழல் வலை கட்டினேன். வாய்க்காலில் மிதக்கும் ஆற்றுவாழையைக் கொண்டுவந்து பாதித் தண்ணீரை மூடினேன். ஒரு வாளிக்குள் சிறு கல்லும் பஞ்சும் அடுக்கி, சின்ன மோட்டார் ஒன்றைப் பொருத்தி, தண்ணீரை ஓடவிட்டு வடித்தேன். மீன் தீனிப் பைக்கற்றை என் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, நானே ஒரு சிட்டிகை மட்டும் போட்டேன். கிணற்றுத் தண்ணீரையும் சோதித்தேன், அதில் குற்றமில்லை. பைப்படியில் இருந்து சவர்க்காரத் தண்ணீர் குளத்துக்குள் வடிகிறதா என்று பார்த்தேன். அது தென்னைமரத்தடிக்குப் போகிறது.

பஞ்சு இரண்டு நாளில் அடைத்துக்கொண்டது. ஆற்றுவாழை, உரம் போட்டது போலத் தடித்துக் கொழுத்தது. தண்ணீர் இன்னும் பச்சையானது.

என் கணவர் எல்லா வேலைக்கும் ஒத்தாசையாக நின்றார். வலை கட்ட ஏணி பிடித்தார். நான் போத்தலில் தண்ணீர் எடுக்கும்போது மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு தடவையும், "சூடு கூட. அதான்," என்றார். இணையத்தில் எங்கோ வைக்கோல் கட்டிப் போட்டால் பாசி குறையும் என்று இருந்ததாம். தன் ஊரில் இருந்து ஒரு கட்டு வைக்கோல் கொண்டுவந்து போட்டார். அந்த ஆலோசனை குளிர்நாட்டு வைக்கோலுக்குச் சொன்னது. எங்கள் வெயிலில் அது ஒரு கிழமையில் அழுகி, மாட்டுப்பட்டி மணக்கத் தொடங்கியது. நானே இறங்கி அள்ளி எறிந்தேன்.

ஆய்வுகூடத்தில் ஒரு போத்தலை வைத்து, பாசிக்கு உரமாகும் பொசுபேற்று எவ்வளவு என்று பார்த்தேன். அதிகம் இருந்தால் கரைசல் நீலமாகும். ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டையில் உள்ள கடைசி நீலத்தையும் தாண்டி, பாடசாலை மைப் போத்தல் போல ஆனது. பக்கத்து மேசையில் இருந்தவர், "எந்த ஊர்க் கழிவு வாய்க்கால் மெடம் இது?" என்று கேட்டார். என் வீட்டுத் தங்கமீன் தொட்டி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு காலையில் பெரிய தங்கமீன்கள் மூன்றும் பக்கவாட்டில் மிதந்தன. பாசி கூடிய தண்ணீரில் விடியப்புறத்தில் ஒட்சிசன் குறையும். எனக்குக் காரணம் தெரியும். காரணம் தெரிந்தது எதற்கும் உதவவில்லை. அவர் அவற்றை எடுத்து முருங்கையடியில் புதைத்துவிட்டு, காற்சட்டையைப் போட்டுக்கொண்டு முன் விறாந்தைக் கதிரையில் போய் இருந்தார். அன்று அவர் குளத்தடிக்கு வரவேயில்லை.

உம்மா குசினியில் முடிவைச் சொன்னார். "ஹஜ்ஜுப் பெருநாள் முடியத் தங்கச்சிட ஊட்டுக்கு மண் வருது. அத்திவாரம் போடோணும். எங்கயாவது கொட்டத்தானே வேணும்? அந்தக் குழிக்குள்ளயே கொட்டச் சொல்றன். நாத்தமும் போகும்."

தங்கச்சியின் வீடும் இதே வளவில்தான், பின்னால் கட்டவேண்டும். அடுத்த மாப்பிள்ளைக்கு வழி செய்யவேண்டும் அல்லவா.

"உம்மா, அது அவர் கட்டினது."

"மாப்பிள்ளைக்கு நான் என்ன குறை வெச்ச? செத்த மீன் மெதக்கிற தண்ணிய ஊட்டுக்குப் பின்னால வெச்சிக்கிட்டு, பொண் பாக்க வாற ஆக்களுக்கு மூக்கப் பொத்தச் சொல்றதா?"

"தண்ணி தெளிஞ்சா?"

உம்மா அடுப்பில் இருந்த சட்டியை இறக்கி வைத்தார். "மண் வாற அண்டு அடி தெரிஞ்சா, மண்ண வாசல்ல கொட்டச் சொல்றன். இல்லாட்டி மூடுறதுதான். இதுக்கு மேல கதைக்காத."

இப்படித்தான் ஒரு தொட்டிப் பாசி எனக்குத் தவணை வைத்தது.

தண்ணீரை மேலே மேலே சுத்தம் செய்து பயனில்லை, அடியில் ஏதோ இருக்கிறது என்று முடிவெடுத்தேன். ஒரு விடுமுறை நாள் காலையில் குழாயால் அடிச் சேற்றை உறிஞ்சி, உம்மாவின் பழைய மா அரிதட்டில் வடித்தேன். தங்கச்சி மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தாள். சேறு கழுவுப்பட்டுப் போனதும் அரிதட்டில் எஞ்சியவை ஏலக்காய், கராம்பு, கறுவாப் பட்டைத் துண்டுகள், முடிச்சுப் போட்ட ரம்பை இலை, ஊதிப் பெருத்த பிளம்ஸ், கோழி எலும்புகள்.

"ராத்தா," என்றாள் தங்கச்சி, "இது குளமா, கலியாண ஊட்டுச் சோத்துத் தேக்சாவா?"

நான் அரிதட்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனேன். மிருகத்துக்கும் மீனுக்கும் உணவு போடுவதும் ஸதகா, நன்மை தரும் தர்மம், என்று உம்மா நம்புபவர். மிஞ்சும் சோற்றைக் காகத்துக்கு வைப்பார். மாப்பிள்ளையின் மீனுக்கும் வைத்திருப்பார் என்பது என் ஊகம். ஆய்வுகூட முறைப்படி அது நியாயமான ஊகம்.

"உம்மா, மீனுக்குச் சோறு போட வேணாம் எண்டு நான் எத்தன தரம் சொன்ன?"

உம்மா அரிதட்டைப் பார்த்தார். முதலில் அந்த அரிதட்டுக்கு நேர்ந்த கதிக்காக ஏசினார். பிறகுதான் உள்ளே இருந்ததைப் பார்த்தார். முகம் மாறியது.

"மாப்பிள்ளைக்கு ஆக்கின சோத்த நான் மீனுக்குக் கொட்டுவனா? இந்தக் கஜு விலைக்கு? என்னப் பாத்துக் கேக்கிற கேள்வியா இது?"

"அப்ப இது எப்பிடி வந்த?"

"ஜின் கொண்டு போட்டிரிக்கும், போ!" என்றார். அன்று பகல் முழுக்க என்னோடு கதைக்கவில்லை. அன்று அவருக்கும் எனக்கும் நடுவில் தங்கச்சிதான் தபால்.

உம்மா பொய் சொல்லமாட்டார். தங்கச்சிக்குச் சோற்றில் மிச்சம் வைக்கும் பழக்கமே இல்லை. சாச்சி நெய்ச்சோற்றை மதிலுக்கு மேலால் எறியமாட்டார், கேட்டு வாங்கித்தான் சாப்பிடுவார். ஒவ்வொருவராக வெட்டிக்கொண்டு வந்தேன். எஞ்சிய ஆளின் பெயருக்கு வந்ததும் என் மனம் அங்கேயே நின்றுவிட்டது.

பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. வழித்தது போன்ற பீங்கான். பைப்படிக்கும் குளத்துக்கும் நடுவில் உள்ள தூரம், கை நீட்டினால் போதும். அவருடைய செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் மீன்கள் அந்த ஒரு மூலைக்கு ஓடிவரும். அதை நான் பாசம் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் ஜும்மாத் தொழுகை முடிந்து வந்து சாப்பிட்டார். நான் குளியலறை யன்னலில் நின்றேன். பீங்கானோடு வந்தவர், குசினிப் பக்கம் ஒருக்கால் பார்த்தார், மதில் பக்கம் ஒருக்கால் பார்த்தார், பைப்பைத் திறந்துவிட்டார். அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குள், அனுபவப்பட்ட ஒரு கையால், பீங்கானைச் சரித்தார். மீன்கள் வாயைத் திறந்துகொண்டு வந்தன.

"இஞ்சாருங்க."

அவர் துள்ளிப் போனார். "பீங்கான் கழுவுறன்."

"அதுக்குள்ள இருந்த சோறு எங்க?"

ஒரு முட்டை மெதுவாக அடிக்குப் போய்க்கொண்டிருந்தது.

நான் சத்தம் போடவில்லை. எனக்குக் கோபம் வந்தால் குரல் குறையும். "நீங்கதானே புள்ளையளுக்கு நற்போசணையாக்கம் படிப்பிக்கிற? தண்ணிக்குள்ள போசணை கூடினா பாசி கூடும், ஒட்சிசன் குறையும், மீன் சாகும் எண்டு?"

"ஓம். போன கிழமதான் அந்தப் பாடம் முடிச்ச."

"அப்ப?"

அவர் பீங்கானைக் கழுவிக்கொண்டே இருந்தார். அதில் கழுவ ஒன்றும் இல்லை. "வந்த புதிசுல ஒரு நாள் நான் ரெண்டாந்தரம் சோறு வேணாம் எண்டு சொன்ன, ஞாபகம் இரிக்கா? மாமி திரைக்குப் பின்னால நிண்டு உன்னக் கேட்டாங்க, கறி சரியில்லியா எண்டு கேளு எண்டு. அடுத்த நாள் கோழிய மாத்தி மாட்டிறைச்சி. அதுக்கு அடுத்த நாள் எறால். நான் வாயத் துறந்தா இன்னொரு கறி வரும் புள்ள."

"எனக்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"நீ மாமிக்கிட்டச் சொல்லுவ. மாப்பிள்ள சோத்துல குறை சொல்றான் எண்டு ஆகும்."

"குப்பை வாளி?"

"அத மாமிதான் கொட்டுறாங்க."

"சாச்சிட கோழி?"

"போட்டுப் பாத்த. அதுகள் அடுத்த நாள் குசினி வாசல்ல வந்து நிண்டு சத்தம் போட்டிச்சி. மீன் மட்டும்தான் பேசாம இருந்திச்சி."

இந்த வளவில் தனக்கென்று இருந்த ஒன்றுக்குள், வாய் திறந்து சொல்ல முடியாததை அவர் சோறாகக் கொட்டிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது விளங்கியது. விளங்கினாலும் எரிச்சல் குறையவில்லை. நான் கட்டிய நிழல் வலைக்கு இவர் ஏணி பிடித்தார். சூடு கூட என்றார்.

இனிக் கொட்டக் கூடாது என்று சொன்னேன், ஒத்துக்கொண்டார். ஆனால் பீங்கானில் வருவது குறையவேண்டுமே. அவர் பெயரைச் சொல்லாமல் உம்மாவைச் சமாளிக்கப் பார்த்தேன். நானே குறைத்துப் போட்டுக் கொண்டுபோனேன். உம்மா பாதி வழியில் பறித்து நிரப்பித் தந்தார். ஆசிரியர்மாருக்கு இப்போது கொலஸ்ட்ரோல் கூடுகிறதாம் என்று பொதுவாகச் சொன்னேன். உம்மா தேங்காய்ப்பால் இல்லாமல் சமைத்து, சுகத்துக்கு நல்லது என்று இரண்டு மடங்கு போட்டார். கடைசியில் அவர் பீங்கானின் பாதியை அறைக்குள் வைத்து நானே தின்றேன். பெருநாள் வந்தது. குர்பான் இறைச்சியும் வந்தது. என் அபாயாவின் கைகள் இறுகத் தொடங்கின. தண்ணீர் ஒரு சாண் ஆழத்துக்குத் தெளிந்தது. அடி தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நாள் கிடைத்தால் தெரியும் என்று எனக்குத் தெரியும். பாசிக்குத் தன் நேரம் வேண்டும். பெருநாளுக்கு அது தெரியாது.

உழவு இயந்திரம் பெட்டி நிறைய மண்ணோடு பின்கதவுக்கு வந்து நின்றது. சாரதி இறங்காமலே, இயந்திரத்தையும் நிறுத்தாமலே கேட்டார். "எங்க கொட்டுற ராத்தா?"

உம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு குசினி வாசலில் நின்றார். நான் குளத்தடியில். என் கணவர் கிணற்றடியில், நீளக் காற்சட்டையோடு. உம்மா எட்டிப் பார்த்தார். தண்ணீர் இளம் பச்சை.

"அடி தெரியல்ல," என்றார் என்னைப் பார்த்து. "நான் சொன்ன சொல்லுதான். மாப்பிள்ளைக்கிட்டச் சொல்லு, மனசுல ஒண்டும் வெச்சிக்க வேணாம் எண்டு. முன்னால சாடியில பூமரம் வெக்கலாம் எண்டு சொல்லு."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். தபாலைக் கொடுக்கவில்லை. எனக்குக் களைத்துவிட்டது. பார்த்துக்கொண்டே நின்றேன், அவ்வளவுதான்.

அவர் நடந்து வந்து குளத்துக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் நின்றார்.

"மாமி," என்றார்.

உம்மா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"மாமி, தண்ணி பச்சையானது என்னால. எனக்கு அவ்வளவு சோறு தின்ன ஏலா. குளம் கட்டின நாள்ல இரிந்து மிச்சத்த நான் இதுக்குள்ளதான் கொட்டின. இவ கண்டுபுடிச்சி நிப்பாட்டி இப்பதான் தெளியுது. இன்னம் கொஞ்ச நாள் தந்தா அடி தெரியும்."

சாரதி நாங்கள் என்ன கதைக்கிறோம் என்று கேட்கக் கழுத்தை நீட்டினார். மதிலுக்கு மேலால் சாச்சியின் தலையும் வந்துவிட்டது.

உம்மாவின் கை முக்காட்டில் இருந்து இறங்கியது. வாழ்நாளில் முதல் தடவையாக மருமகனின் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "அந்தக் கஜு எல்லாமா?"

"ஓம் மாமி."

"முட்டையும்?"

"ஓம்."

"வட்டிலப்பமுமா?"

"இல்ல மாமி. வட்டிலப்பம் ஒரு நாளும் கொட்டல்ல. அந்த இனிப்ப எப்பவும் நான்தான் தின்ட."

தங்கச்சி குசினிக்குள் போய்ச் சிரித்தாள். உம்மா சிரிக்கவில்லை. அவருடைய முகத்தில் கவலையும் கோபமும் மாறி மாறி வந்தன. கடைசியில் கோபம் வென்றது. எனக்கு நிம்மதியாக இருந்தது. கவலை விருந்தாளிக்கு, கோபம் வீட்டு ஆட்களுக்கு.

"போதும் எண்டு ஒரு சொல்லுச் சொல்றதுக்கு வாய்க்குள்ள என்ன இரிந்திச்சி?" என்று ஏசினார். "நான் விடியச் சுபஹுக்கு எழும்பி அரைச்சி அரைச்சி மீனுக்கா ஆக்கின? அந்த மீனும் தின்டு செத்துப் போச்சே! படிச்ச புள்ள, மாஸ்டர், மார்க்கம் தெரிஞ்ச ஆள். சோத்தக் கொட்டுறது பாவம் எண்டு தெரியாதா? ஆ?"

"தெரியும் மாமி."

"என்ன தெரியும்!"

பிறகு இயந்திரத்தைப் பார்த்தார். "நீ ஏன் தம்பி வாயப் பாத்துக்கிட்டு நிக்கிற? வாசல்ல கொண்டு கொட்டு மண்ண."

"வாசல்ல கொட்டினா வழி அடைக்குமே ராத்தா."

"எங்கட வழிதானே. கொட்டு."

அன்று பகல் பீங்கான் என் கையால் வரவில்லை. உம்மாவே கொண்டுவந்து மேசையில் வைத்தார். பாதி அளவு. கோழிக்கால் ஒன்று. பக்கத்தில் நின்றார். "இது போதுமா?" என்று நேராகக் கேட்டார். அவர் பீங்கானைப் பார்த்தார், உம்மாவைப் பார்த்தார், "போதும் மாமி," என்றார். அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்கு இவ்வளவு காலம் எடுத்தது. எனக்கு ஒரு நிழல் வலையும் ஒரு மோட்டாரும் எண்ண முடியாத பஞ்சுகளும் செலவு.

நிலைமை முழுதாகத் தீர்ந்துவிட்டது என்று எழுத எனக்கு ஆசை. ஆனால் இப்போது உம்மா ஒவ்வொரு நாள் காலையிலும் குளத்தை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வருகிறார். "சோறு நிண்டிட்டு, இன்னம் ஏன் ஓரத்துல பாசி? நீ என்னத்தப் படிச்ச?" அடிச் சேற்றில் ஊறிய போசணை வெளியேறக் காலம் எடுக்கும் என்று சொன்னால், "சாட்டுச் சொல்லாத," என்கிறார். மருமகனோடு நேரே கதைக்கத் தொடங்கியதில் ஒரு தபால் வேலை எனக்குக் குறைந்தது உண்மை. ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து எனக்குப் புத்தி சொல்லும் புதிய வேலை ஒன்று கூடியிருக்கிறது.

வாசலில் கொட்டிய மண் அத்திவாரத்துக்குப் போய் முடிந்த நாட்களில் அடி தெரிந்தது. முதலில் கண்டது தங்கச்சி. "ராத்தா! உம்மா! வந்து பாருங்க!" என்று கத்தினாள். நானும் உம்மாவும் போனோம். பழைய சீமெந்துத் தரை, அல்லிக் கிழங்கு, அதற்குப் பக்கத்தில் பளபளவென்று மூன்று கரண்டிகள். என் கலியாணத்துக்கு வந்த செற்றில் காணாமற்போனவை. அவற்றுக்காகத் தங்கச்சி மாதக் கணக்கில் ஏச்சு வாங்கியிருந்தாள்.

"பாத்தீங்களா? நான் தொலைக்கல்ல!" என்று உம்மாவின் கையைப் பிடித்து உலுக்கினாள். "என்னட்ட மன்னிப்புக் கேளுங்க!"

உம்மா அவளைப் பார்க்கவேயில்லை. முன் விறாந்தைப் பக்கம் திரும்பி, தங்கச்சியையும் என்னையும் கூப்பிடும் அதே குரலில், மதிலுக்கு அப்பாலும் கேட்கக் கூப்பிட்டார்.

"மகன்! சாரத்த உடுத்திட்டு வாங்க இஞ்ச. வந்து எறங்கி இந்தக் கரண்டியள எடுங்க. இனிமே பீங்கான் கழுவுறண்டா உள்ள வந்து என்ட கண்ணுக்கு முன்னால கழுவோணும். விளங்கிச்சா?"